டர்பனில் விலை கூடிய டிஏசி வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஒன்றரை மாதமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டு வந்தேன். போன வாரம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர், நான் ஏமாந்த அதே ஆளிடம் அதே மாதிரிப் பெட்டிக்கு முன்பணம் கட்டியிருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்களாகச் சேமித்து வைத்த இசையை மின் அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதுதான் டிஏசி. உங்கள் போனுக்குள், டிவிக்குள், சிடி ப்ளேயருக்குள் எல்லாம் ஒன்று இருக்கிறது. தனிப் பெட்டியாக வாங்கினால் சில நூறு ரேண்டில் (தென்னாப்பிரிக்கப் பணம்) தொடங்கி ஒரு புதுக் கார் விலை வரைக்கும் போகும். என்னிடம் 3,400 ரேண்டுக்கு வாங்கிய சின்னப் பெட்டி ஒன்று நான்கு வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம், இரவில் வீணை. இதுதான் என் உலகம். இன்னும் நல்ல ஒலி கிடைக்குமா என்ற ஆசையில் மூன்று வருடம் பணம் சேர்த்தேன்.

விற்றவர் டர்பனுக்கு வடக்கே தன் வீட்டின் ஒரு பெரிய அறையை ஷோரூமாக வைத்திருக்கிறார். பெயர் சொல்லப் போவதில்லை. 1860-க்குப் பிறகு இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த குடும்பங்களில் இன்று வீட்டில் தமிழ் பேசுபவர்கள் குறைவு. அதனால் இங்கே ஒருவர் "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாலே மனசு இளகிவிடும். எனக்கும் இளகியது. டீ கொடுத்தார், என் அப்பாவின் ஊரைக் கேட்டார், அதே பக்கம்தான் தன் பாட்டியும் என்றார்.

என் பழைய டிஏசியையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். என்னுடையதை ஆர்சிஏ கேபிளில் (வீட்டுச் சாதனங்களில் வரும் சாதாரண ஆடியோ ஒயர்), அவருடையதை எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மைக்குகளுக்குப் போடும் மூன்று முள் வகை). "வால்யூம் திருகைத் தொடவே மாட்டேன் தம்பி, போட்டி நேர்மையா இருக்கணும்" என்றார். ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டார். அவருடைய பெட்டிக்கு மாறியதும் நாதஸ்வரம் அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. தவிலின் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் விழுந்தது. என் பெட்டிக்குத் திரும்பினால் போர்வைக்குள்ளிருந்து யாரோ வாசிப்பது போல. கண் கலங்கியது என்றுகூடச் சொல்வேன்.

அந்த நேர்மையான போட்டியில்தான் மோசடி இருந்தது. பெரும்பாலான டிஏசிகள் ஆர்சிஏ வழியாக அதிகபட்சம் 2 வோல்ட் அளவில் வெளியிடும். எக்ஸ்எல்ஆர் வழியாக அதன் இரட்டிப்பு, 4 வோல்ட். மின்னழுத்தம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். சில ஆம்ப்ளிஃபயர்கள் உள்ளேயே இதை ஈடுகட்டிவிடும். அவர் வைத்திருந்ததும் என் வீட்டில் இருப்பதும் அப்படிச் செய்யாதவை. ஆக வால்யூமைத் தொடாமல் விட்டதே ஒரு பெட்டியைச் சத்தமாகவும் மற்றதை மெதுவாகவும் பாட வைத்துவிட்டது. 6 டெசிபல் பெரிய வித்தியாசம். அரை டெசிபல் கூடினால்கூட நம் காதுக்கு அது சத்தமாகத் தெரியாது, தெளிவாகவும் ஆழமாகவும் இருப்பதாகத்தான் தெரியும். இந்தத் தொழிலில் இருபது வருடம் இருப்பதாகச் சொன்னவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

நடுநடுவே பெட்டியின் பெருமையையும் எடுத்துவிட்டார். உள்ளே சிப் கிடையாதாம், ரெசிஸ்டர்களை (மின்சாரத்தைத் தடுத்து அளவாக விடும் சின்ன உறுப்புகள்) ஏணி மாதிரி அடுக்கிய ஆர்-2ஆர் முறையாம், ஒவ்வொன்றும் 0.01 சதவீதத் துல்லியமாம், அதனால் முழு 24 பிட்டும் (பிட் கூடக்கூட ஒலியின் படிகள் நுண்மையாகும்) சுத்தமாக வருமாம். எனக்கு அன்றைக்கு அது மந்திரம் போல இருந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 16 பிட் என்றால் 65,536 படிகள். ஏணியின் மிகப் பெரிய பிட்டில் வரும் பிழை ஒரு சின்னப் படியைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்றால் ரெசிஸ்டர் ஏறக்குறைய 0.0015 சதவீதம் துல்லியமாக இருந்தாக வேண்டும். 0.01 சதவீத ரெசிஸ்டரை மட்டும் நம்பினால் 13 பிட் பக்கம்தான் வரும். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் மேல் பிட்களைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்கள், பிழையை அளந்து திருத்தவும் செய்கிறார்கள். ஆர்-2ஆர் மோசம் என்று நான் சொல்லவரவில்லை, அந்த ஒலியை விரும்பி வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஆனால் இந்த நொடி வரை எந்த டிஏசியும் முழு 24 பிட்டுக்கான 144 டெசிபல் வீச்சை, அதாவது மிக மெதுவான ஒலிக்கும் மிகச் சத்தமான ஒலிக்கும் உள்ள இடைவெளியை, எட்டியதில்லை. மிகச் சிறந்தவையே 20, 21 பிட் அளவில் நிற்கின்றன. அதிலும் நான் கேட்பது 1950-களின் பழைய ஒலிப்பதிவுகள். அவற்றில் நாடாவின் இரைச்சலே இதற்கெல்லாம் மேலே நிற்கும்.

சரி. 68,000 ரேண்ட் கட்டினேன். கூடவே ஒரு கனமான கறுப்புப் பெட்டியை இலவசமாகத் தந்தார். "இது கரண்டைச் சுத்தப்படுத்தும் கண்டிஷனர். டிஏசியை எப்பவும் இது வழியாத்தான் போடணும், நேரா சுவரில் போடவே கூடாது" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். 2023-இல் ஆறாம் நிலை வரை (நிலை கூடக்கூட அதிக நேரம் கரண்ட் இருக்காது) போன மின்வெட்டையும், கரண்ட் திரும்பி வரும்போது எரிந்துபோன ஃபிரிட்ஜையும் அனுபவித்தவன் நான். எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் சந்தோஷமாகக் கேட்டேன். அப்புறம் ஒரு ஞாயிறு, டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கும் அங்கிள் வந்தார். ஓய்வு பெற்ற எலக்ட்ரிஷியன். அவருடைய தமிழ் கொஞ்சம்தான், ஆனால் அழகாகப் பேசுவார். பாட்டைக் கேட்கும் முன்னாலேயே கேட்டார்: "தம்பி, இந்தக் கறுப்புப் பெட்டி ஏன் முனகுது?"

கையை வைத்துப் பார்த்தார், சூடாக இருந்தது. மீட்டரை எடுத்து அதன் வெளியீட்டை அளந்தார். 101 வோல்ட். பிறகு டிஏசியைத் திருப்பினோம். பின்தகட்டில் '230 வோல்ட்' என்று ஒரு வெள்ளை ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் அச்சடித்த எழுத்து, 100 வோல்ட். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பெட்டி அது. அந்தக் 'கண்டிஷனர்' 230-ஐ 100 ஆகக் குறைக்கும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான்.

எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை. அந்த டிஏசியின் பின்னால் இருப்பது நம் கம்ப்யூட்டர் கேபிளே கச்சிதமாகப் பொருந்தும் வகை. வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாராவது கேபிளை மாற்றி நேரே சுவரில் செருகியிருந்தால் இரண்டு மடங்குக்கும் மேலான மின்னழுத்தம் உள்ளே போயிருக்கும். தீப்பிடிக்கவும் கூடும். ஸ்டிக்கர் 230 என்று பொய் சொல்கிறது. எங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான், ஒயர் மாட்டுவதென்றால் அவனுக்கு உயிர்.

அன்று மாலையே மற்ற அளவையும் எடுத்தோம். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பு ஒன்றை ஓடவிட்டு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தார் அங்கிள். (மலிவு மீட்டர்கள் அதிக அதிர்வெண்ணில் தப்பாகக் காட்டும், அதனால்தான் 100.) பழையது 2.0, புதியது 4.1. மென்பொருளில் புதியதைக் குறைத்து இரண்டும் ஒரே வோல்ட் காட்டும்வரை சரிசெய்தோம். 0.1 டெசிபல் என்பது வோல்ட்டில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அந்த அளவுக்குள் கொண்டுவந்தால் போதும். பிறகு என் மனைவி நாணயம் சுண்டிப் பார்த்து எதை ஓடவிடுவது என்று முடிவு செய்தாள், நான் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னேன். 16 தடவையில் 9 சரி. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே 8 சரியாக வரும்.

நல்ல டிஏசிக்கு மதிப்பே இல்லை என்று இதை வைத்து முடிவுகட்டாதீர்கள். உறுதியான கட்டமைப்பு, பல இணைப்புகள், நல்ல ஹெட்ஃபோன் வெளியீடு, பழுதானால் பார்த்துத்தரும் ஏஜெண்ட், இவற்றுக்குப் பணம் கொடுக்கலாம். நான் கொடுத்த பணத்துக்கு அந்த ஏஜெண்டும் இல்லை. அந்த பிராண்டின் தென்னாப்பிரிக்க விநியோகஸ்தரிடம் சீரியல் எண்ணைக் கொடுத்தேன். இது எங்கள் வழியாக வந்ததில்லை, இங்கே வாரண்டி கிடையாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

விற்றவருக்கு போன் செய்தேன். "உங்க காதே கேட்டுச்சே தம்பி, நானா சொன்னேன்?" என்றார். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதும் தமிழ் நின்றுபோய் ஆங்கிலம் வந்தது. பிறகு என் எண்ணையே தடை செய்துவிட்டார்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி, வர்த்தக முத்திரையின் உரிமையாளர் அனுமதியில்லாமல் இறக்குமதி செய்த சரக்கை விற்பவர் அதைப் பளிச்சென்று தெரியும்படி சரக்கின் மேலேயே அறிவித்தாக வேண்டும். 56-ஆம் பிரிவின்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்பதை வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இது தொழிலாக விற்பவர்களுக்குத்தான் பொருந்தும், பழைய சாமானை ஒருமுறை விற்கும் தனி மனிதருக்குப் பொருந்தாது. எனக்கு விற்றவர் தந்த ரசீது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண்ணும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. தொழில் என்றே காட்டிக்கொள்ளாமல் நழுவுவதற்குத்தான் அது என்று இப்போது புரிகிறது. 5,000 ரேண்டுக்கு மேல் போனால் உங்கள் பெயரும் முகவரியும் போட்ட முழு வரி ரசீது கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், டீயைக் குடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

கேட்டுப் பார்க்கப் போகும்போது இரண்டு டிஏசியையும் ஒரே வகைக் கேபிளில் போடச் சொல்லுங்கள். ஒரு மீட்டரும் போனில் அந்த ஒலிக்கோப்பும் இருந்தால் அளவைச் சமப்படுத்த ஐந்து நிமிடம் போதும். பின்தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். விநியோகஸ்தருக்கு அங்கிருந்தே சீரியல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மனிடம் (வாங்குபவர்களின் குறைகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பு) புகார் கொடுத்திருக்கிறேன், கட்டணம் கிடையாது. ஸ்டிக்கரின் படம், மீட்டர் அளவு, விநியோகஸ்தரின் மின்னஞ்சல், விற்றவரின் அறையில் இன்னும் மூன்று பெட்டிகள் விற்பனைக்கு இருந்த படம், எல்லாம் சேர்த்திருக்கிறேன். புகார் போய்ச் சேர்ந்த பிறகு வேறு எண்ணிலிருந்து பேசினார். 40,000 தருகிறேன், புகாரைத் திரும்பப் பெறு என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். முழுப் பணமும் வரவேண்டும், மற்ற பெட்டிகளிலிருந்து அந்த ஸ்டிக்கரும் கிழிய வேண்டும்.

டிஏசி இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதன் கேபிள் துளையை டேப் போட்டு ஒட்டி, சிவப்பு மையில் 100 என்று எழுதி வைத்திருக்கிறேன். கடந்த ஒரு வருடத்தில் டர்பன் வடக்குப் பக்கம் ஒரு வீட்டு ஷோரூமில் டிஏசியும் அதோடு இலவசமாகக் கனமான கறுப்புப் பெட்டியும் வாங்கியிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே பின்தகட்டைப் பாருங்கள். அதுவரை அந்தக் கேபிளைக் கழற்ற வேண்டாம், வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிவையுங்கள். அப்புறம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், என் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.