சுங்கை சிப்புட் கடைகளில் தொங்கும் கண்ணாடி மெருகுப் பொடி: பொடி அசல், அட்டையில் உள்ளது புளுகு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்து ஹார்ட்வேர் கடைகளில் பெயர் தெரியாத ஒரு சின்னப் பெட்டி தொங்குகிறது. உள்ளே 100 கிராம் இளஞ்சிவப்புப் பொடி, 75 மில்லிமீட்டர் கம்பளி வட்டு, டிரில்லில் மாட்ட ஒரு தண்டு. அட்டையில் கொட்டை எழுத்தில் 'எந்தக் கீறலும் போகும்' என்று போட்டிருக்கிறார்கள். போகாது. ஆனால் பொடியைக் குறை சொல்ல வழியில்லை.

அது சீரியம் ஆக்சைடு. அரிய மண் உலோகங்களில் அதிகம் கிடைப்பது சீரியம்தான். சுத்தமான ஆக்சைடு வெளிர் மஞ்சளாக இருக்கும். கண்ணாடி வேலைக்கு வருவதில் பிரசியோடைமியம் கொஞ்சம் கலந்திருப்பதால் இளஞ்சிவப்போ பழுப்போ தட்டும். கலப்படம் என்று பயப்பட வேண்டாம். செங்கல் தூள் மாதிரி சிவந்து விரலில் அப்பிக்கொண்டால்தான் சந்தேகம்: அது இரும்பு ஆக்சைடு. அதுவும் மெருகேற்றும், ஆனால் மெதுவாக. கண்ணாடி ஓரத்து ரப்பரையும் கறையாக்கிவிடும்.

செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரிகளின் முன்கண்ணாடிக்கு இரண்டு நோய். செம்மண் தூசியோடு வைப்பர் ஓடி ஓடி விழுந்த அரைவட்ட மங்கல் ஒன்று. கழுவிய கிணற்றுத் தண்ணீர் வெயிலில் காய்ந்து விட்டுப்போன வெள்ளைப் புள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் இந்தப் பொடி கேட்கும். புள்ளிக்கு முதலில் வினிகர் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். போகாத மிச்சத்துக்குப் பொடி போதும்.

கீறல் என்றால் நகத்தை வைத்துக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் விட்டுவிடுங்கள். அந்த ஆழத்தை எட்டச் சீரியம் மட்டும் போதாது. பிடிவாதமாக ஒரே இடத்தில் தேய்த்தால் குழி விழுந்து, எதிரே வரும் வண்டி நெளிந்து தெரியும். ஓட்டுநர் பார்வைக்கு நேரே இதைச் செய்யவே கூடாது.

பெட்டிக்குள் இருக்கும் காகிதம் சொல்லாத முக்கியமான விஷயம் தண்ணீர். மணல்தாள் சுரண்டுவதுபோல் சீரியம் சுரண்டுவதில்லை. தண்ணீர் பட்டு இளகிய கண்ணாடியின் மேல்தோலோடு வேதியியல் முறையில் பற்றிக்கொண்டு, அதைத் துளித்துளியாக இழுத்துக்கொண்டு போகிறது. காய்ந்துவிட்டால் மெருகு நின்றுவிடும், சூடுதான் ஏறும். இரண்டு தகடு சேர்த்து ஒட்டிய முன்கண்ணாடி ஒரே இடத்தில் சூடேறினால் விரிசல்தான்.

ஆகவே அளவு: பொடி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. பதம் மோருக்கும் தோசை மாவுக்கும் நடுவில். பொடி தண்ணீரைவிட ஏழு மடங்கு கனம், சில நிமிடங்களில் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டே எடுக்க வேண்டும். கண்ணாடியைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். ஒரு மணல் துகள் வட்டுக்கடியில் மாட்டினாலே புதுக் கீறல் விழும். கீறல் இருக்கும் இடத்தை உள்பக்கமாக மார்க்கரால் குறித்துவிட்டு, பானெட்டையும் ரப்பரையும் பிளாஸ்டிக் விரித்து டேப் ஒட்டி மூடுங்கள். வேலை நிழலில் நடக்கட்டும். டிரில் வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் வேண்டாம். வட்டைத் தட்டையாக வைத்து ஒரு முழ அகலத்துக்கு நகர்த்திக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் நிறுத்துங்கள்.

பெட்டியின் பெரிய குறை வட்டுதான். கம்பளியைப் பின்தகட்டில் ஒட்டிய பசை ஈரம் தாங்காமல் ஓரத்தில் பிரிகிறது. அப்போது பிளாஸ்டிக் விளிம்பு கண்ணாடியில் இடிக்கும். வெல்க்ரோவில் ஒட்டும் நல்ல கம்பளி வட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மெருகுப் பசைக்குப் பயன்படுத்திய வட்டை இதற்கு எடுக்காதீர்கள். முகப்பு விளக்கு மூடிகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அதற்கு இந்தப் பொடி உதவாது. உள்பக்கம் ஒட்டிய டிண்ட் தாள் மேலும் படக்கூடாது.

பேராக்கில் யாரிடம் அரிய மண் என்று சொன்னாலும் அடுத்த கேள்வி, 'அப்போ கதிர்வீச்சு?' 1994இல் மூடிய புக்கிட் மேரா அரிய மண் ஆலையை ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அங்கே சிக்கல் செய்தது வெள்ளீயச் சுரங்கக் கழிவு மணலான அமாங்கிலிருந்து வந்த மோனசைட் கனிமத்தோடு சேர்ந்திருந்த தோரியம் என்ற கதிர்வீச்சு உலோகம். சீரியத்துக்கு அந்தக் குணம் கிடையாது. சுத்திகரிக்கும்போது தோரியத்தைத் தனியே பிரித்துவிடுவார்கள். (திருவிழாவில் எரிந்த பழைய பெட்ரோமாக்ஸ் மாண்டலில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன: 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடு, 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடு.) லைட்டர் கல்லில் பொறி பறப்பது சீரியம் உலோகத்தால். பொடி ஏற்கெனவே ஆக்சைடு ஆகிவிட்டதால் தீப்பிடிக்காது.

பயப்பட வேண்டியது தூசிக்கு. ஆண்டுக்கணக்கில் அரிய மண் தூசியையும் புகையையும் மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் தழும்பு கண்டிருக்கிறது. ஒரு நாள் வேலைக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. தினமும் கண்ணாடி தேய்க்கும் பட்டறைக்கு உண்டு. பொடியைக் கலக்கும்போது என்95 முகமூடி போடுங்கள். தெறித்தது காய்வதற்கு முன் ஈரத்துணியால் துடையுங்கள், காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். கண்ணுக்கு மூடிய கண்ணாடி வேண்டும். கழுவிய தண்ணீரை லோங்காங்கில் (சாக்கடையில்) கொட்டாமல் வாளியில் ஓர் இரவு தெளிய விட்டு, மேல் நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கிய சேற்றைப் பழைய துணியில் வடிகட்டி, மணல் சேரவில்லை என்றால் அடுத்த வேலைக்கே வைத்துக்கொள்ளலாம்.

மிச்சப் பொடியை மைலோ டின்னில் போட்டு வைக்காதீர்கள். நிறம் அப்படியே ஏமாற்றும்.