பொம்மை ட்ரோனா, கேமரா ட்ரோனா, வூப்பா? வேலூரில் பறக்கப் பழக எது சரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் ‘4கே கேமரா’ என்று கொட்டை எழுத்தில் போட்டு இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு விற்கும் மடக்கு பொம்மை ட்ரோன் உங்கள் முதல் ட்ரோனாக இருக்க வேண்டாம். பெரும்பாலும் அதில் ஜிபிஎஸ் இருக்காது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை ஓரளவு பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். சத்துவாச்சாரியில் ஒரு மொட்டைமாடியிலிருந்து ஏற்றினால் அடுத்த தெருவில்தான் தேட வேண்டும். போனுக்கு வைஃபையில் வரும் படம் தாமதமாக வருவதால் அதைப் பார்த்து ஓட்டவும் முடியாது. மோட்டார்கள், உள்ளே உரசும் பிரஷ் சீக்கிரம் தேய்ந்துபோகும் வகை. ஒன்று வலுவிழந்தால் ட்ரோன் ஒரு பக்கமாகவே சாயும், அதற்கேற்ற மாற்று மோட்டார் கிடைப்பது கஷ்டம். பழகுகிறவர் தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார். என் வருத்தம் அதில்தான். தப்பு அவர் கையில் இல்லை, பொருளில் இருக்கிறது.

அப்படியானால் நேராக நல்ல கேமரா ட்ரோனுக்கே போய்விடலாமா? படம் எடுப்பதுதான் ஆசை என்றால் போகலாம். சீன நிறுவனமான டிஜேஐயின் மினி 2 போன்றவை 249 கிராம். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, அதை ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. கையை எடுத்தால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். சிக்னல் போனால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். திரும்பும் உயரத்தை மட்டும் நீங்கள்தான் சரியாக வைக்க வேண்டும். மினி 2-இல் இருப்பது கீழே பார்க்கும் சென்சார் மட்டுமே. எதிரே நிற்கும் பனைமரமோ செல்போன் டவரோ அதற்குத் தெரியாது. அது இயங்க நிறுவனம் சொல்லும் உச்ச வெப்பம் 40 டிகிரி. கத்திரி வெயிலில் வேலூர் அதைத் தாண்டிவிடும்.

வாங்குவதிலும் சிக்கல் இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளைத் தவிர, வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை. பாகங்களுக்குத் தடை இல்லை. முழு ட்ரோனுக்குத் தடை என்பதால், புது மினி என்று யாராவது காட்டினால் பில் கேளுங்கள், பழுதானால் யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. எல்லாவற்றையும் ட்ரோனே பார்த்துக்கொள்வதால் உங்கள் கை ஒன்றும் பழகுவதில்லை. என்றைக்காவது ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காமல் ட்ரோன் நழுவ ஆரம்பித்தால், பிடித்து நிறுத்தத் தெரியாது.

நான் கைகாட்டுவது மூன்றாவதை, வூப் என்ற குட்டி ட்ரோனை. உள்ளங்கையில் அடங்கும், பேட்டரியோடு 30 கிராமைச் சுற்றித்தான் எடை, ஒவ்வொரு இறக்கையைச் சுற்றியும் பிளாஸ்டிக் வளையம். சுவரில் இடித்தாலும் கீழே விழுந்து உடனே கிளம்பும். பெரும்பாலும் உயரத்தைக்கூட அது தானாகப் பிடிக்காது. இடது கட்டைவிரல் ஓயாமல் வேலை செய்தால்தான் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த விரல்தான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாதி விஷயம். மீதிப் பாதி திசை. ட்ரோனின் மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடது வலதாகிவிடும். நாற்காலிக்கு அந்தப் பக்கம் போய், உங்களைப் பார்த்தபடியே திரும்பி வரப் பழகினால், நாளைக்கு எந்த ட்ரோனையும் தைரியமாக எடுக்கலாம்.

ஆனால் வூப்புக்கு முன்னால் ரிமோட்டை வாங்குங்கள். ரேடியோமாஸ்டர் பாக்கெட் மாதிரி ஒன்றை யுஎஸ்பியில் கம்ப்யூட்டரோடு இணைத்து லிஃப்டாஃப், வெலோசிட்ரோன் போன்ற சிமுலேட்டரில், அதாவது திரையில் பறக்கப் பழகும் விளையாட்டில், ஓட்டலாம். அங்கே எத்தனை முறை மோதினாலும் செலவில்லை. கை ஓரளவு அடங்கியதும் வூப்பை வாங்கலாம். பாகமாக வாங்கிச் சால்டரிங் செய்து சேர்க்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. ட்ரோன் கேமரா பார்ப்பதைக் கண்ணெதிரே காட்டும், தலையில் மாட்டும் கண்ணாடிக்கு அவசரமில்லை.

குறையும் உண்டு. ஒரு பேட்டரிக்கு மூன்று, நான்கு நிமிஷம்தான் பறக்கும், அதனால் நாலைந்து பேட்டரி தேவைப்படும். வீட்டுத் தரையில் கிடக்கும் தலைமுடி மோட்டார் தண்டில் சுற்றிக்கொள்ளும். இறக்கையைக் கழற்றி, சின்ன இடுக்கியால் இழை இழையாக எடுக்க வேண்டியிருக்கும். ஊருக்கு மேலே போய்ப் படம் எடுக்க இது உதவாது. மின்விசிறியை நிறுத்தாமல் ஓட்டவும் முடியாது.

இனி இடம். கேமரா ட்ரோனுக்குத் தண்ணீர் இல்லாத பாலாற்று மணல் விசாலமாக இருக்கும். காலையில் காற்று எழும் முன்னே போய்விடுங்கள். மணலில் நேரடியாக இறக்கினால் மோட்டாருக்குள் துகள் போய் நறநறவென்று சத்தம் கேட்கும், ஒரு பாயை விரித்து அதிலிருந்து ஏற்றுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிடாதீர்கள். தொரப்பாடி மத்தியச் சிறை, அப்துல்லாபுரம் விமான நிலையம் பக்கமும் வேண்டாம். அரக்கோணம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது. நானோ என்றாலும் சிவப்பு மண்டலத்துக்கு, அதாவது அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத பகுதிக்கு, விலக்கு கிடையாது. அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் எல்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கல்யாணம், ஊர்த் திருவிழா என்று படம் எடுக்கத்தான் ட்ரோன் என்பவர்கள், பில்லோடு கிடைத்தால் கேமரா ட்ரோன் வாங்கட்டும். அதற்கு முன் ஒரு மாதமாவது சிமுலேட்டரில் உட்காரட்டும். மற்ற எல்லோருக்கும் வூப்தான்.

எதை வாங்கினாலும் லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், ஏறக்குறைய பாதிச் சார்ஜில், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் எடுத்து வையுங்கள். மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடவே கூடாது.