ராணிப்பேட்டை பயோடேட்டாவும் கனடா ரெஸ்யூமேயும்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2019 பிப்ரவரியில் நிரந்தர வசிப்புரிமையுடன் ஒன்ராறியோ மாகாணத்தின் மிசிசாகா நகரில் வந்திறங்கியபோது, முத்துக்கடையில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்து வாங்கிய நான்கு பக்க பயோடேட்டாவின் இருபது பிரதிகள் என் கைப்பையில் இருந்தன. மேல் மூலையில் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், அதன் கீழே தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, தெரிந்த மொழிகள், கடைசிப் பக்கத்தில் மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்ற உறுதிமொழியும் 'இடம்: ராணிப்பேட்டை' என்ற வரியும் கையெழுத்தும் இருந்தன. வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் பதினோரு ஆண்டுகள் டேனரி (தோல் பதனிடும் ஆலை) லேப்களில் எனக்கு வேலை வாங்கித் தந்த தாள் அது. மிசிசாகாவில் அதே தாளைத் தொண்ணூறு இடங்களுக்கு அனுப்பியும் மூன்று மாதங்களில் ஒரே ஒரு தொலைபேசி அழைப்புதான் வந்தது.

அந்த ஒன்றையும் இழந்தேன். பாஸ்போர்ட்டில் என் தந்தையின் பெயர் கடைசிப் பெயராக இருந்ததால், அழைத்தவர் அந்தப் பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்டார். அப்பா வாலாஜாபேட்டையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது நேர்காணலுக்கான அழைப்பு என்பது புரிய ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்ப அழைத்தபோது பொது எண்ணின் பதிவுக்குரல் மட்டுமே கேட்டது. இனிஷியல் வைத்துப் பழகிய நம்மவர்கள் வேலை தேடத் தொடங்குமுன் இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும். ஆவணங்களில் உள்ள முழுப்பெயரை ரெஸ்யூமேயின் தலைப்பில் அப்படியே எழுதுங்கள். எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் அது நாம்தான் என்று மனத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்குக் கனடாவில் கூட்டரசின் நிதியில் இயங்கும் குடியேற்றச் சேவை மையங்கள் வேலை தேடும் பயிற்சியை இலவசமாக அளிக்கின்றன. நான் போன மையத்தின் ஆலோசகர் என் பயோடேட்டாவை மேசைமேல் விரித்து, பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். வயது, மதம், திருமண நிலை போன்ற விவரங்களை விண்ணப்பத்தில் கேட்பதை ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் தடை செய்கிறது. கேட்கக் கூடாததை நாமே எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள் என்ற பேச்சு வருமோ என்று பணியமர்த்துபவர்கள் தயங்குகிறார்கள். புகைப்படத்துக்கும் இதே காரணம்தான். அட்டவணைக் கட்டங்களையும் அவர் எடுக்கச் சொன்னார், ஏனென்றால் விண்ணப்பங்களை முதலில் வாங்கிப் பிரிக்கும் மென்பொருள்கள் பலவும் கட்டத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சரியாகப் படிப்பதில்லை. அடித்து முடித்தபோது நான்கு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியதிலும் என் வேலையைப் பற்றிச் சொல்வதாக எதுவுமே இல்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

'ராணிப்பேட்டையில் புகழ்பெற்ற தோல் தொழிற்சாலையில் லேப் கெமிஸ்ட். எல்லாப் பரிசோதனைகளுக்கும் பொறுப்பு' என்பதுதான் என் பதினோரு ஆண்டு உழைப்பைக் குறித்த வரி. ராணிப்பேட்டையில் அந்த ஒரு வரி போதும். படிப்பவருக்கு அந்தக் கம்பெனியையும் அதன் மேனேஜரையும் தெரியும், எந்த மாதிரி வேலை நடக்கும் என்பதும் தெரியும். மிசிசாகாவில் படிப்பவருக்கு ராணிப்பேட்டை எங்கிருக்கிறது என்பதே தெரியாது. அவருக்கு என் கை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு மாலைகள் உட்கார்ந்து அந்த வரியை இப்படி மாற்றினேன்: 'ஏற்றுமதிக்கான காலணித் தோலில் நாளொன்றுக்குச் சுமார் முப்பது மாதிரிகளை, ஐஎஸ்ஓ 17075 முறைப்படி குரோமியம் ஆறுக்காக நிறமானியில் சோதித்தேன், ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பான கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டிய தொகுதிகளை நிறுத்திவைத்து மறுசோதனை செய்தேன்.' குரோமியம் ஆறு என்பது குரோமியத்தின் நச்சு வடிவம். கருவியின் பெயர், முறையின் எண், எண்ணிக்கை, முடிவு ஆகிய நான்கும் அந்த வரியில் இருக்கின்றன. தோல் துறையே இல்லாத ஊரில், தண்ணீர் சோதிக்கும் ஆய்வகம் ஒன்று என்னை அழைத்தது இந்த வரிக்காகத்தான், ஏனெனில் தண்ணீரிலும் குரோமியத்தை அதே வினைப்பொருள் கொண்டு, அதே ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்துத்தான் அளக்கிறார்கள்.

இந்த எழுதும் முறையை ஏழு ஆண்டுகளாக விடாமல் பயன்படுத்தி வருகிறேன். செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதிவைக்கும் முழுக் குறிப்பு ஒன்று என் கணினியில் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் சேர்ப்பேன். இப்போது ஒன்பது பக்கம். விண்ணப்பிக்கும்போது வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்து இரண்டு பக்கத்துக்குள் அமைப்பேன். ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பது இதன் குறை. கையில் காசு கரைந்துகொண்டிருக்கும் நாட்களில் இரண்டு மணி நேரத்தை ஒரே இடத்துக்குச் செலவிடுவது மிகவும் கடினம், அதை நான் அனுபவித்திருக்கிறேன். இன்னொரு குறையும் உண்டு: எண்களை எழுதத் தொடங்கினால் கூட்டி எழுதும் ஆசை வரும். நேர்காணலில் அந்த எண்ணைத்தான் முதலில் கிண்டிப் பார்ப்பார்கள்.

கனடா அரசின் ஜாப் பேங்க் தளத்தை முதல் ஆண்டு முழுவதும் தினமும் பார்த்தேன். வேலை அழைப்பு வாங்கித் தருவதில் எனக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் தொழில் வகைப்பாட்டு எண்ணைக் கொடுத்தால் அந்தந்தப் பகுதியில் அந்த வேலைக்குக் குறைந்த, நடுத்தர, உயர்ந்த ஊதியம் எவ்வளவு என்று காட்டுவதிலும், ஒரு வேலையின் கடமைகளை அந்த நாட்டார் எந்தச் சொற்களால் எழுதுகிறார்கள் என்று கற்றுத் தருவதிலும் அதற்கு இணையாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. வேதியியல் தொழில்நுட்பர்களுக்கான இன்றைய எண் 22100. நான் போனபோது 2211. லிங்க்ட்இன் வழியே நாற்பது பேருக்கு எழுதினேன், ஆறு பேர் பதில் தந்தார்கள். வேலை கேட்காமல், உங்கள் ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டவற்றுக்கே அந்தப் பதில்கள் வந்தன.

அதுவரை வயிற்றுப்பாட்டுக்கு, மார்ச் முதல் அக்டோபர் வரை தற்காலிகப் பணி ஏஜென்சி ஒன்றின் மூலம் கிடங்கில் பெட்டி அடுக்கினேன், மணிக்கு 14 டாலர். அதை ரெஸ்யூமேயில் மறைக்க வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். நான் ஒரே வரியில் எழுதினேன். நேரந்தவறாமை பற்றி அந்த மேற்பார்வையாளரே பின்னர் எனக்காகப் பேசினார்.

அந்தத் தண்ணீர் ஆய்வகத்தின் நேர்காணலில், உங்கள் முடிவு தவறாகப் போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நம் ஊரில் இதற்கு 'அப்படி எதுவும் நடந்ததில்லை சார்' என்பதுதான் பணிவான பதில். அங்கே அந்தப் பதில் நம்மைக் கைவிட்டுவிடும். லைனிங் தோல் தொகுதி ஒன்று முதல் சோதனையில் தேறி, வெயில் காயும் குடோனில் சில வாரங்கள் கிடந்தபின் மறுசோதனையில் வரம்பைத் தாண்டியதையும், வெப்பத்திலும் எண்ணெய்ப் பசையிலும் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மூன்று, நச்சான குரோமியம் ஆறாக மாறக்கூடும் என்பதை முதல் சோதனையிலேயே நான் கணக்கில் கொள்ளாததையும், அதன்பின் மாதிரிகளைச் சூடேற்றிச் சோதிக்கும் வழக்கத்தை லேப்பில் கொண்டுவந்ததையும் வரிசையாகச் சொன்னேன். நவம்பரில் வேலை கிடைத்தது. இப்போது எங்கள் ஆய்வகத்துக்கு வரும் விண்ணப்பங்களைப் படிப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன், தவறைத் திருத்திய கதையைத் தெளிவாகச் சொல்பவரைத்தான் நாங்கள் மறுமுறை அழைக்கிறோம்.

ஊரிலிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது அனுபவக் கடிதம். 'இவர் நன்னடத்தை உள்ளவர்' என்று இரண்டு வரியில் தரும் கடிதம் குடியேற்ற விண்ணப்பத்துக்கும் உதவாது, வேலைக்கும் உதவாது. பதவி, கடமைகள், பணிபுரிந்த தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த டேனரி மூடிப்போனபின் கடிதம் தேடி அலைந்தேன், கிடைக்கவேயில்லை. அந்த நான்கு ஆண்டுகளுக்கும் என்னிடம் சம்பளச் சீட்டுகள் மட்டுமே சாட்சி. நம்மைப் பற்றிப் பேசச் சம்மதிக்கும் பழைய மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் அவசியம், ஏனென்றால் குளிர்காலத்தில் டொராண்டோவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை பதினொன்றுக்குக் கூப்பிட்டால் இங்கே இரவு ஒன்பதரை.

கனடிய அனுபவம் உண்டா என்ற கேள்வி என்னைப் பல கதவுகளிலிருந்து திருப்பி அனுப்பியது. 2026 ஜனவரி 1 முதல், ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கட்டாயமாகக் கேட்க முடியாது. இந்தச் சட்டம் எனக்குக் காலம் கடந்து வந்தாலும், இனிப் போகிறவர்களுக்காக உண்மையாகவே மகிழ்கிறேன்.

வேலைக் கடிதமே வாங்கித் தருகிறோம், லட்சக்கணக்கில் கொடுங்கள் என்று வேலூர்ப் பக்கம் கேட்பவர்களிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

இந்தப் பொங்கலுக்கு வாலாஜாபேட்டை வந்தபோது, கெமிஸ்ட்ரி முடித்து ஒரு டேனரியில் ஐந்து ஆண்டுகளாக இருக்கும் அக்கா மகன் தன் பயோடேட்டாவை என்னிடம் கொடுத்தான். புகைப்படம், தந்தை பெயர், உறுதிமொழி, 'இடம்: ராணிப்பேட்டை' எல்லாம் அப்படியே இருந்தன. "மாமா, இதுல எதை எடுக்கணும்?" என்று கேட்டான். பேனாவை அவனிடமே கொடுத்து, நேற்று லேப்பில் காலை முதல் மாலை வரை என்ன செய்தாய் என்று மட்டும் எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் நிறைத்துவிட்டான். திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, கடமைகள் விவரமாக உள்ள கடிதம் கேட்க இருவரும் அவன் மேனேஜரைப் பார்க்கப் போகிறோம்.