மே ஒன்றாம் தேதி எங்கே போவது? கொடைக்கானல், அழகர்மலை, சொந்த ஊர்

ஏப்ரல் கடைசி வாரம் வந்துவிட்டால் மதுரையில் எங்கள் தெருவில் ஒரே பேச்சுதான். "ஒண்ணாந்தேதி எங்க போறீங்க?" வேன் வாடகையை மூன்று வீட்டுக்காரர்கள் பங்கு பிரிப்பார்கள். யாராவது ஒருவர், கொடைக்கானலுக்கு வண்டி போக வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுத்தாச்சா என்று கேட்பார். வெயில் 39, 40 என்று ஏறிக்கொண்டிருக்கும். அக்னி நட்சத்திரம் பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி தேசிய விடுமுறை நாட்கள் நான்கு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இவற்றில் நடுக்கோடையில் வருவது மே 1 மட்டும்தான். பள்ளிப் பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் நாள். கப்பலூர் தொழிற்பேட்டையில் வாரம் ஆறு நாள் வேலை பார்க்கும் எனக்கு, சம்பளம் பிடிக்காமல் கிடைக்கும் அந்த ஒரு நாள் பெரிய விஷயம். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷிப்டில் நிற்க வேண்டும். அதனால் எங்கே போனாலும் ராத்திரிக்குள் வீடு திரும்பியாக வேண்டும்.

இதுவரை ஏழெட்டு மே தினங்களை ஏழெட்டு விதமாகக் கழித்துப் பார்த்துவிட்டோம். ஒவ்வொன்றையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். வண்டிக்குள் எத்தனை மணி நேரம், நிழலிலும் தண்ணீரிலும் எத்தனை மணி நேரம் என்பது முதல் கேள்வி. வீட்டில் யார் யாருக்கு அது விடுமுறையாக இருந்தது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்வியை என் மனைவிதான் கேட்க வைத்தாள்.

கொடைக்கானல்

மதுரைக்காரர்களுக்குக் கோடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல். அதில் நியாயம் இருக்கிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் கிடக்கிறது; கொடைக்கானல் 2,100 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மேகமும் காடும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் குறைக்கும். இங்கே 39 என்றால் அங்கே இருபதைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். அந்த ஏரியை 1863-இல் உருவாக்கியவரும் மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர்தான். நம் ஊர் வெக்கையில் வெந்தவருக்குத்தானே அங்கே ஒரு ஏரி வேண்டும் என்று தோன்றும்!

2023-இல் மே 1 திங்கட்கிழமை வந்தது. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள். எங்களுக்குத் திங்கள் மட்டும்தான் வசதிப்பட்டது. காலை நாலரைக்கு வேன் கிளம்பியது. ஆறு மணிக்கு வத்தலக்குண்டில் டீ. மலைப்பாதையில் முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். கண்ணாடியை இறக்கிவிட்டு என் சின்ன மகள் கையை வெளியே நீட்டி, "அப்பா, காத்து ஜில்லுனு இருக்கு" என்று கத்தினாள். அந்தச் சத்தத்துக்காக எவ்வளவு செலவு செய்தாலும் தகும் என்று அப்போது தோன்றியது.

வெள்ளி அருவிக்கு முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. ஊருக்குள் நுழைய இன்னும் எட்டு கிலோமீட்டர். அதைக் கடக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஏரிக்கரையை அடைந்தபோது மணி பதினொன்றரை. வண்டி நிறுத்த இடமில்லை. எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா, "இம்புட்டு தூரம் வந்து வண்டிக்குள்ளயேவாப்பா உக்காரணும்?" என்று கேட்டார். தயிர்ச்சோற்றை வேனுக்குள்ளேயே சாப்பிட்டோம். மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினால்தான் ராத்திரிக்குள் வர முடியும் என்று டிரைவர் சொன்னார். வீடு வந்து சேர ஒன்பதரை. கணக்குப் பார்த்தால் வண்டியில் பதின்மூன்றரை மணி நேரம், கொடைக்கானலில் மூன்றரை மணி நேரம். பிரையண்ட் பூங்காவின் வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

அன்று என் மனைவி ராத்திரி இரண்டரைக்கு எழுந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டியிருந்தாள். திரும்பி வந்ததும் பாத்திரம் கழுவ நின்றவளும் அவள்தான்.

அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். மலைக்கு அது அவசியம்; நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சொந்த வண்டி இல்லாதவர்கள் ஆரப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் போனால் பாஸ் பற்றிய கவலையே இல்லை. ஆனாலும் 120 கிலோமீட்டர் தூரமும் அந்த மலைப்பாதை வளைவுகளும் குறையப்போவதில்லை. ஒரு ராத்திரியாவது தங்க முடிந்தவர்களுக்குக் கொடைக்கானல் நல்ல இடம். காலை ஏழு மணிக்கு, வெளியூர் வண்டிகள் வந்து சேருவதற்குள், ஏரியைச் சுற்றி ஒரு நடை போனால் போதும். ஒரே நாளில் போய்த் திரும்ப அது ஏற்றதல்ல. இதை எங்கள் தெருவில் நான் எத்தனை முறை சொன்னாலும் வேன் பேசத்தான் செய்கிறார்கள்.

அருவி தேடிப் போகிறவர்களுக்கு

மே தொடக்கத்தில் மதுரையைச் சுற்றி அருவி தேடுவது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் குட்லாடம்பட்டி அருவி மழை பெய்தால்தான் விழும். மே மாதம் அங்கே பாறைதான் இருக்கும். குற்றாலச் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் தொடங்கும். பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்கு மலையில் கோடை மழை விழுந்திருந்தால் போகலாம். அதுவும் வனத்துறை திறந்துவிட்டிருந்தால். 1959-இல் திறந்த வைகை அணையின் பூங்கா பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே நிழல் போதாது.

சொந்த ஊர்

மதுரையில் குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓர் ஊர் இருக்கும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று ஏதாவது ஒரு திசை. என் மனைவியின் ஊர் மேலூர்ப் பக்கம். ஒரு மணி நேரப் பயணம். மச்சான் தோட்டத்தில் பம்புசெட் ஓடும். தொட்டியில் விழும் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. மரத்தடியில் நுங்கு வெட்டிக் கொடுப்பார்கள். கட்டை விரலால் தோண்டித் தின்பதுதான் ருசி. முதல் அளவுகோலில் இதை எதுவும் ஜெயிக்க முடியாது. வண்டியில் இரண்டு மணி நேரம், தண்ணீரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

கிணற்றுக் குளியலுக்கு மட்டும் நான் பிள்ளைகளை விடுவதில்லை. கோடையில் தண்ணீர் கீழே போய்விடும். படி பாதியில் நின்றுவிடும். நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஆழம் தெரியாது.

ஊருக்குப் போவதில் இன்னொரு நல்லது இருக்கிறது. மே 1 கிராம சபை கூடும் நாள். நமக்கு அங்கே வாக்கு இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று கேட்கலாம். குடிநீர்க் குழாய், கண்மாய் தூர்வாருதல், நூறு நாள் வேலைச் சம்பளம் என்று பேச்சு போகும். இதெல்லாம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் அரிட்டாபட்டியை நினைத்துப் பார்க்கட்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது மேலூர் வட்டார மக்கள் கிராம சபைத் தீர்மானங்களோடுதான் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. என் பெரிய மகன் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "அன்னைக்கு மாமா ஊர்ல மரத்தடியில கூடிப் பேசுனாங்களே, அது மாதிரியாப்பா?" என்று கேட்டான்.

அப்படியென்றால் சொந்த ஊர்தானே முதலிடம்? இரண்டாவது கேள்வியில் அது தோற்கிறது. நாங்கள் பம்புசெட்டில் குளிக்கும்போது என் மனைவி, அவள் அண்ணி, என் மாமியார் மூவரும் பதினைந்து பேருக்குக் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருப்பார்கள். மே மாதம், தகரக் கூரை, விறகடுப்பு. இரண்டு வருடம் கவனிக்காமலே இருந்திருக்கிறேன். மூன்றாவது வருடம் பேருந்தில் திரும்பும்போது அவள் கேட்டாள்: "உழைக்கிறவங்க நாளுன்னுதான லீவு விடுறாங்க? எனக்கு எப்ப விடுவாங்க?" 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

நகரத்துக்குள்ளேயே

மால், தியேட்டர் இரண்டும் ஏசிக்காகப் போகும் இடங்கள். மூன்று மணி நேரத்துக்குச் சரி. பரவைப் பக்கத்து நீர்விளையாட்டுப் பூங்காவில் பிள்ளைகள் குதூகலிப்பார்கள், ஆனால் ஐந்து பேருக்கு நுழைவுச்சீட்டு எடுத்தால் ஒரு வாரக் காய்கறிச் செலவு போய்விடும். அம்மாவுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை.

அருங்காட்சியகங்கள் நகரவாசிகள் மறந்துபோன நல்ல வழி. ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தம் படிந்த துணியை வைத்திருக்கிறது. சிலைமானைத் தாண்டினால் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தை செட்டிநாட்டு வீடு போலவே கட்டியிருப்பதால் முற்றமும் தாழ்வாரமும் வெயிலுக்கு இதமாக இருக்கின்றன. தேசிய விடுமுறை நாளில் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே விசாரித்துக்கொண்டு போங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் வேறோர் இடத்தில் எங்களுக்கு உண்டு.

அழகர்மலை

கடைசியாக நாங்கள் வந்து நின்றது இங்கேதான். நகரத்திலிருந்து 21 கிலோமீட்டர். பெரியார் பேருந்து நிலையத்தில் நகரப் பேருந்து ஏறினால் போதும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை.

ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது ஒன்றே விதி. அடிவாரத்தில் கள்ளழகரையும் பதினெட்டாம்படிக் கருப்பையும் கும்பிட்டுவிட்டு மேலே போகலாம். மலைப்பாதை முழுக்க மர நிழல். பாதி வழியில் பழமுதிர்சோலை. சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று அவ்வையை முருகன் கேட்ட நாவல் மரக் கதையை அம்மா ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்குச் சொல்வார். அதற்கு மேலே ராக்காயி அம்மன் கோயிலில் நூபுர கங்கை. கொளுத்தும் மே மாதத்திலும் அந்தத் தண்ணீர் தலையில் விழும்போது உடம்பு சிலிர்க்கும். இரும்புச் சத்து கலந்த தண்ணீர். நாக்கில் வைத்தாலே தெரியும். அழகருக்குத் திருமஞ்சனம் இந்தத் தண்ணீரில்தான். மதுரைக்கு ஆற்றில் இறங்க வரும்போதும் இதைக் கூடவே கொண்டுவருவார்கள்.

அடுத்தது தோசை. உளுந்தைத் தோலோடு அரைத்து, மிளகும் சீரகமும் சேர்த்து, நெய்யில் சுட்ட கனத்த தோசை. கோயில் பிரசாதம். ஆளுக்கு ஒன்று சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் காலையில் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.

குறைகளும் உண்டு. குரங்குகள் பையைப் பிடுங்கும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. தீர்த்தத்தில் வரிசை நீளும். ஒன்பது மணிக்கு மேல் போனால் காத்திருக்க வேண்டும். குளிர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. நிழலும் தண்ணீரும் மட்டும்தான். சித்திரைத் திருவிழா மே மாதத்தில் விழும் ஆண்டுகளில் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கியது 2023-இல் மே 5, 2025-இல் மே 12. அந்த நாட்களை ஒட்டி வந்தால் மலைப் பயணத் திட்டத்தை விட்டுவிட்டு, அழகரை மதுரையில் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கோ வைகைக் கரைக்கோ போய்விடுவோம்.

பதினொன்றரைக்கு வீடு. மதியம் ஜன்னலை அடைத்து எல்லோரும் தூக்கம். இந்தத் தூக்கத்தையும் நான் கணக்கில் சேர்க்கிறேன். கொடைக்கானலில் இது கிடைக்காது. ஐந்து மணிக்கு வண்டியூர் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளம் பல வருடம் வறண்டு, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் வந்து நிற்பதால் மாலைக் காற்று அதன்மேல் பட்டுக் குளிர்ந்து வருகிறது. கரைச் சுவரில் உட்கார்ந்து பருத்திப்பால், அவித்த கடலை, பிள்ளைகளுக்கு ஜிகர்தண்டா. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பக்கத்துக் கடையில் இட்லி. அங்கே பரிமாறுபவருக்கும் அது மே தினம்தான். சட்டப்படி இரட்டைச் சம்பளமோ மாற்று விடுமுறையோ அவருக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்கிறதா என்று போன வருடம் கேட்டேன். "மாத்து லீவு உண்டுண்ணே" என்றார். சந்தோஷமாக இருந்தது.

எட்டரைக்கு வீட்டில் இருப்போம். கேனில் கொண்டுவந்த நூபுர கங்கைத் தண்ணீரை அம்மா மண்பானையில் ஊற்றி, வெட்டிவேரைப் போட்டு மூடி வைப்பார். இரண்டு நாளைக்கு வரும்.