இணையவழி மறுவாழ்வுப் பயிற்சி: தோட்டத்து ஊரில் இருப்பவருக்கு எது கைகொடுக்கும்?

சுங்கை சிப்புட் போன்ற ஊரில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ, தோட்டக் கிளினிக்கின் மருத்துவ உதவியாளரோ ஒவ்வொரு பயிற்சிக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஓடிக்கொண்டிருக்க முடியாது. இவர் ஒருநாள் இல்லையென்றால் அன்றைய நோயாளிகள் எல்லாரும் இன்னொரு நாளுக்குத் தள்ளப்படுவார்கள். அதனால் இணையம்தான் கதி. ஆனால் இணையத்தில் கிடைப்பது ஒரே சரக்கல்ல. இலவசப் பாடங்கள், வருடச் சந்தா, வெபினார், பல்கலைக்கழகச் சான்றிதழ், நாமே கூடிப் படிப்பது என்று பல வழிகள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் உதவும், ஒவ்வோர் இடத்தில் காலை வாரும்.

திரையில் படிப்பது நேரில் படிப்பதற்கு ஈடாகுமா என்பதை முதலில் தீர்த்துவிடலாம். சுகாதாரப் பணியாளருக்கான இணையவழிக் கல்வியைப் பற்றி 2018இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் அனைத்துலக அமைப்பு) மீளாய்வு, 5,679 பேர் பங்கேற்ற 16 ஆய்வுகளை அலசியது. வழக்கமான பயிற்சிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. ஆக, திரை குறையல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. பயிற்சிக் கூட்டங்களைப் பற்றிய 2009 மீளாய்வு 81 ஆய்வுகளைப் பார்த்தது. பயிற்சிக்குப் பிறகு, சரியான முறையில் சிகிச்சை தரும் அளவு இடைநிலையாக 6 விழுக்காட்டுப் புள்ளிதான் கூடியிருந்தது. விரிவுரையும் கலந்துரையாடலும் சேர்ந்த பயிற்சிகளில் மட்டும் அது 13.6ஐத் தொட்டது. காணொளியை ஓடவிட்டு, பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி, சான்றிதழை இறக்கிக்கொள்ளும் வகைக்கு நாம் கட்டும் காசையும் நேரத்தையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சொந்தமாகத் தேடிப் படிப்பது

செலவே இல்லாத வழி, ஆனால் ஒழுக்கம் அதிகம் கேட்கும் வழி. இதற்கு அடித்தளம் பெட்ரோ. 1999இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இந்த இலவசத் தரவுத்தளத்தில் பிசியோதெரபி ஆய்வுகள், மீளாய்வுகள், வழிகாட்டிகள் மூன்றும் இருக்கின்றன. தளத்தின் சில பக்கங்கள் தமிழிலும் உண்டு. ஆய்வுச் சுருக்கங்கள் ஆங்கிலத்தில்தான்.

முழங்கால் தேய்மானத்துக்கு எந்தப் பயிற்சி என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ்ட் சர்ச்சில் பாடி பார்ட் பகுதியில் முழங்காலைத் தேர்ந்தெடுங்கள், தலைப்புக் கட்டத்தில் நோயின் பெயரைப் போடுங்கள், மெத்தட் பகுதியில் முதலில் சிஸ்டமாட்டிக் ரிவ்யூ மட்டும் வையுங்கள், ஆண்டை 2018க்குப் பிறகு என்று கட்டுப்படுத்துங்கள். ‘அண்ட்’, ‘ஆர்’ இரண்டையும் ஒரே தேடலில் கலக்க முடியாது. கலக்க நினைத்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பினால் விடை பூஜ்யமாகவே வரும். பலர் ‘இதில் ஒன்றுமே இல்லை’ என்று மூடிவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

அடுத்த சறுக்கல் மதிப்பெண்ணில். பெட்ரோ அளவுகோலில் 11 கேள்விகள், மதிப்பெண் 10க்கு. முதல் கேள்வியைக் கூட்டுவதில்லை. உடற்பயிற்சி ஆய்வில் நோயாளிக்கும் தெரபிஸ்ட்டுக்கும் என்ன சிகிச்சை என்பதை மறைக்க வழியே இல்லை. ஆக இரண்டு மதிப்பெண் எடுத்த எடுப்பிலேயே போய்விடும், 8 என்பது உச்சம் போலத்தான். 6 வாங்கிய ஆய்வை ‘சுமார்’ என்று ஒதுக்குவது தப்பு. அதே 5 மதிப்பெண்ணும் பல விதமாக வரலாம். அடுத்தவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்பதைச் சேர்ப்பவரிடம் மறைக்காததாலும், 85 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரைக் கடைசிவரை அளந்திருக்க வேண்டும் என்ற கேள்வியில் தவறியதாலும் வந்த 5ஐ நம்ப யோசிக்க வேண்டும். எண்ணைப் பார்க்காதீர்கள், எந்தக் கேள்வியில் மதிப்பெண் போனது என்று பாருங்கள்.

இதோடு சுகாதார அமைச்சின் தளத்தில் கிடைக்கும் மருத்துவ வழிகாட்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மூட்டுத் தேய்மானத்துக்கு 2013இன் இரண்டாம் பதிப்பும், இஸ்கீமிக் ஸ்ட்ரோக்குக்கு (ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதம்) 2020இன் மூன்றாம் பதிப்பும் இருக்கின்றன. உள்ளூர் நடைமுறைக்கு இவை பொருந்தும். ஆனால் மறுவாழ்வுப் பகுதி சுருக்கமாகவே இருக்கும், எத்தனை முறை, எவ்வளவு கனம் என்ற விவரத்துக்கு மூல ஆய்வுக்குத்தான் போக வேண்டும்.

இந்த வழியின் பெரிய பலவீனம், தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்த ஆள் இல்லை. பக்கவாத நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பதைச் சோதித்த ஏவர்ட் ஆய்வே நல்ல உதாரணம். 2015இல் வெளியானது. 5 நாடுகளில் 56 ஸ்ட்ரோக் பிரிவுகள், 2,104 நோயாளிகள். அந்த 5 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடக்க வைத்த குழுவில் மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 50. சுருக்கத்தை மட்டும் படித்தவர் ‘சீக்கிரம் எழுப்பக் கூடாது’ என்று எடுத்துக்கொள்வார். வழக்கமான கவனிப்புக் குழுவிலும் பெரும்பாலோர் முதல் நாளை ஒட்டியே எழுப்பப்பட்டார்கள் என்பதும், கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமாக அடிக்கடி எழுப்புவது நல்ல விளைவோடு சேர்ந்து போனது என்று 2016இல் வந்த கூடுதல் அலசலும் அவர் கண்ணில் படாது.

இலவசப் பாடங்கள்

அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டு காயத்துக்கு அனைத்துலக முதுகுத்தண்டு சங்கம் நடத்தும் ஈலேர்ன்எஸ்சிஐ, தெரபிஸ்ட்டுக்கும் தாதியருக்கும் தனித்தனிப் பாடம் வைத்திருக்கிறது. சிறுநீர்ப்பை, அழுத்தப்புண் பகுதிகள் தோட்டத்து வீட்டில் படுத்திருப்பவருக்கு நேரடியாக உதவும். பக்கவாதத்தை அளக்கும் என்ஐஎச் அளவுகோலுக்கும் இலவசப் பயிற்சி உண்டு. பெரிய தளங்களின் பொதுப் பாடங்களில் படிப்பது இலவசம், சான்றிதழுக்கு மட்டும் காசு என்று வைத்திருப்பார்கள். பாதியில் விடுவோர் ஏராளம்.

வருடச் சந்தா

பிசியோபீடியாவின் ‘பிளஸ்’ போன்றவை இந்த வகை. ஒரே இடத்தில் பல பாடங்கள், படித்த மணிக்கணக்கைக் குறித்துவைக்கும் பதிவேடு, போனிலேயே படிக்கும் வசதி. இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அரைமணி நேரம் ஒதுக்குபவருக்குப் பொருத்தம். வெளிநாட்டு நாணயத்தில் கார்டிலிருந்து பிடிப்பார்கள், வங்கி மாற்றுக் கட்டணமும் சேரும், வருடம் முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். சேர்ந்த அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிடுவது நல்லது.

பாடத்தின் தரம் ஒன்றுபோல் இருக்காது. காசு கட்டுமுன் இரண்டு சோதனை போதும். இடுப்புவலிப் பாடத்தைத் திறந்து அல்ட்ராசவுண்டைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016லேயே இடுப்புவலிக்கு அல்ட்ராசவுண்ட், டென்ஸ் (தோல்வழி மின்தூண்டல்), டிராக்‌ஷன் (இழுவை) மூன்றையும் தராதீர்கள் என்று சொல்லிவிட்டது. இதை மழுப்புகிற பாடம் பழையது, அல்லது கருவி விற்பவரோடு ஒட்டியது. இரண்டாவது சோதனை அளவு. பக்கவாதத்துக்குப் பிறகு நல்ல கையைக் கட்டிவைத்துப் பாதித்த கையைப் பயன்படுத்தவைக்கும் சிகிச்சையைச் சொல்லும்போது, மணிக்கட்டையும் சில விரல்களையும் குறைந்தது 10 பாகையாவது நீட்ட முடிந்தவருக்கே 2006இன் எக்சைட் ஆய்வில் கொடுத்தார்கள் என்ற வரம்பைச் சொல்கிறார்களா? யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றும் இல்லாத பாடம் வெறும் பேச்சு.

வெபினார்

தொடர்கல்விப் புள்ளிக்கு நல்லது, பழக்கத்தை மாற்ற அவ்வளவு உதவாது. லண்டன் நேரம் இரவு 7 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் விடியற்காலை 3, கோடையில் 2. சிட்னி இரவு 7 மணி நமக்கு மாலை 5, அவர்கள் கோடையில் 4. ஆக ஆஸ்திரேலிய வெபினார்தான் உட்காரக்கூடிய நேரம். ஒருமணி நேரக் குழு ஜூம் ஏறக்குறைய ஒரு ஜிபியை விழுங்கும். லைன் விட்டுவிட்டு வரும் இடத்தில் கேமராவை அணைத்துவிடுங்கள், ஸ்லைடுகளை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் 774 என்னும் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவில் நீடிக்க நினைப்பவர் தொடர்கல்வியைத் தள்ளிப்போட முடியாது. எந்த வகைப் பயிற்சியானாலும், சான்றிதழில் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடியே பெயர், தேதி, மணி நேரம், ஏற்பாட்டாளர் பெயர் இருக்க வேண்டும். ‘நன்றி, பங்கேற்றீர்கள்’ என்று மட்டும் அச்சடித்த அழகான காகிதத்தைக் காட்டிவிட்டுப் பிறகு மல்லுக்கட்டுவதைவிட, பதிவு செய்யுமுன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது சுலபம்.

பல்கலைக்கழகச் சான்றிதழ்

இவற்றில் அதிகம் செலவாகும் வழி, ஆழமும் அதிகம். ஒப்படைப்பைத் திருத்தித் திருப்பி அனுப்ப ஆசிரியர் இருப்பார். அதற்குத்தான் காசு. வழிகாட்டி ஆசிரியர் எத்தனை மாணவருக்கு ஒருவர், உங்கள் சொந்த நோயாளியின் விவரத்தை வைத்து ஒப்படைப்பு எழுதலாமா என்று கேளுங்கள். இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால், மலிவான சந்தாவே போதும். அரசு வேலையில் பதவி உயர்வுக்காகப் படிப்பவர் எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரத்தைச் சேருமுன் பார்க்க வேண்டும். தனியாரில் முதலாளி எச்ஆர்டி கார்ப் என்னும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவி கட்டுகிறார் என்றால் மானியத்துக்கு மனு போடலாம், ஆனால் வகுப்பு தொடங்குமுன் போட வேண்டும்.

ஊருக்குப் பொருந்தாத பாடத்தை என்ன செய்வது

இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் வேறு வாழ்க்கைக்கு எழுதப்பட்டவை. டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ‘கிளாட்’ முழங்கால் திட்டத்தில் வாரம் இருமுறை, ஆறு வாரம், 12 பயிற்சி வகுப்புகள், அதோடு கல்வி வகுப்பும் உண்டு. செம்பனைக் குலை வெட்டுகிறவர் எடைக் கணக்கில் சம்பளம் வாங்குகிறார். பகலில் 12 முறை வந்தால் அத்தனை நாள் கூலி போகும், மூன்றாவது தடவையிலேயே நின்றுவிடுவார். இங்கே வகுப்பைக் குறைக்கலாம், பயிற்சியின் அளவைக் குறைக்கக் கூடாது. மூன்று முறை நேரில் சரிபார்த்து, மீதியை வீட்டில் செய்யவைத்து, வாட்சாப்பில் வாரம் ஒருமுறை கனத்தைக் கூட்டிச் சொல்வது ஒரு வழி. வலி கொஞ்சம் கூடினால் எதுவரை சகிக்கலாம் என்று முதல் நாளே தமிழில் சொல்லாவிட்டால், இரண்டாம் வாரத்தில் ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று உருவிவிடுகிறவரிடம் போய்விடுவார்.

அளப்பதிலும் இதே கதை. ஆறு நிமிட நடைக்கு 30 மீட்டர் நேர்ப்பாதை வேண்டும் என்று பாடம் சொல்லும். கிளினிக் வராந்தா 10 மீட்டர் என்றால் திரும்புவது அதிகமாகும், தூரம் குறைந்து வரும். அதைப் புத்தக எண்ணோடு ஒப்பிட வேண்டாம், அதே வராந்தாவில் அடுத்த முறை அளந்து அவரோடு அவரையே ஒப்பிடுங்கள்.

நாமே கூடிப் படிப்பது

நான் கைகாட்டுவது இதை. தனியாக அல்ல, இலவசப் பாடம் அல்லது சந்தாவோடு சேர்த்து. மேலே சொன்ன 13.6 வந்தது விரிவுரையும் கலந்துரையாடலும் சேர்ந்த கலவையில்தான். நாலு முதல் ஆறு பேர் போதும்: ஊர் மருத்துவமனை தெரபிஸ்ட், கிளினிக் தாதி, தோட்டத்து மருத்துவ உதவியாளர், கோலகங்சார் பக்கம் ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம், போனில். மாதம் ஒருமுறை ஈப்போவிலிருந்து மூத்தவர் ஒருவரை அழையுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒருவர் ஒரு நோயாளியைக் கொண்டுவர வேண்டும், நாலு வரியில். யார், என்ன சிகிச்சை யோசிக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எது மாறினால் பலன் என்போம். கடைசிக் கேள்விக்கு நோயாளி சொல்லும் வேலைகளையே அளவாக வைக்கலாம். ‘எந்த மூணு வேலை செய்ய முடியல?’ என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் முடியவே முடியாது என்றால் 0, முன்பு போலவே முடியும் என்றால் 10 போடச் சொல்லுங்கள். ‘கழி தூக்கி வெட்ட முடியல, 3. தள்ளுவண்டி தள்ளினா இடுப்பு பிடிக்குது, 4. குனிஞ்சு உதிரிப் பழம் பொறுக்க, 2.’ மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை. ஆறு வாரம் கழித்து அதே மூன்றையும் திரும்பக் கேளுங்கள். ஒரு வேலையில் 3 புள்ளியாவது ஏறினால்தான் உண்மையான மாற்றம் என்று நம்பலாம்.

குழு கெட்டுப்போவதற்குக் காரணங்கள் தெரிந்தவையே. யாரும் கட்டுரையைப் படிக்காமல் வருவார்கள், பேச்சு நிர்வாகக் குறைபாட்டுக்குத் தாவும், மூத்தவர் வாய்திறந்ததும் மற்றவர் மௌனமாவார்கள். அனுபவத்துக்கு இடம் உண்டு, ஆனால் அது கடைசியில் வரட்டும். வேலைக்குப் புதிதாய் வந்தவரை முதலில் பேசவிடுங்கள், கட்டுரையின் ஒரு அட்டவணையை மட்டும் திரையில் வையுங்கள், நேரம் முடிந்ததும் அழைப்பை வெட்டுங்கள். நோயாளியின் பெயர், ஐசி எண், முகம் எதுவும் குழுவுக்குள் போகக் கூடாது. நடையைக் காட்டும் காணொளி வேண்டுமென்றால் இடுப்புக்குக் கீழே மட்டும், அவர் சம்மதத்தை எழுதி வாங்கிய பிறகு எடுங்கள், பேசி முடிந்ததும் எல்லார் போனிலிருந்தும் அழித்துவிடுங்கள்.