உடன்குடிக் கருப்பட்டி: ஊர் பேரைப் பார்த்து வாங்கினால் போதுமா?

தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிட்டாய், பிஸ்கட், சத்துமாவு போடுகிறவர்கள் மொத்தமாக எடுக்கும் சரக்கு என்று பார்த்தால், நல்ல உடன்குடிக் கருப்பட்டிக்கு ஈடு குறைவுதான். ஆனால் குறியீடு ஊரைத்தான் சொல்லும். அச்சாக வைக்கும் தேங்காய்ச் சிரட்டையில் என்ன ஊற்றினார்கள் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஒரு துண்டை வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பின்னாலேயே லேசான கரிப்பு, கடைசியில் புகைவாசம். கரிப்பு, பதநீர் வடிய மரத்தில் கட்டும் கலயத்துக்குள் தடவிய சுண்ணாம்பால் வருவது. அது இல்லையென்றால் பதநீர் மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். புகைவாசம், பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியின் விறகடுப்பு தந்தது. வெறும் தித்திப்பு மட்டும் தூக்கலாக இருந்து, நாக்கில் வேறொன்றும் நிற்கவில்லையென்றால் காய்ச்சும் கொப்பரையில் சீனி விழுந்திருக்கிறது.

ஏன் விழுகிறது? ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வற்ற வேண்டும். அந்தப் பதநீருக்காகப் பனையேறி காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவல் தவறினால் பாளை அடைத்து ஊறல் நின்றுபோகும். விறகுச் செலவு தனி. இவ்வளவு பாட்டுக்கு எதிரே கடைச் சீனி அடிமாட்டு விலையில் நிற்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பத்துக்கு விலை சொல்லும் உரிமையும் கிடையாது. மொத்தமாக எடுப்பவர் பேரம் பேசிக் குறைத்த ரூபாய், அவருக்கே சீனியாகத் திரும்பி வருகிறது.

உடைத்துப் பாருங்கள். சுத்தமானது உள்ளே மங்கலான கரும்பழுப்பாக இருக்கும், லேசாகத் தட்டினாலே உடையும். சீனி கலந்தது கல் மாதிரி இருக்கும். உடைத்த முகத்தில் பொடிப்பொடியாக மினுக்கும். பக்குவம் தெரிந்தவர் கலந்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றும் என்பதால், இதைவிட மாதத்தைக் கேட்பது மேல். பதநீர்க் காலம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசி மழையில் ஒருவர் 'நேற்றுக் காய்ச்சியது' என்று நீட்டினால் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் கசிந்து பிசுபிசுக்கும் கருப்பட்டியைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. கசிவது பெரும்பாலும் நல்ல சரக்குதான்!

தயாரிப்பில் இறக்கும்போது அப்படியே இடித்துப் போடக்கூடாது. மணல், சிராய், சுண்ணாம்பு எல்லாம் உள்ளே இருக்கும். கிலோவுக்கு 300 முதல் 400 மில்லி தண்ணீர் விட்டுச் சூடாக்கிக் கரைத்து, துணியில் வடிகட்டி, அரைமணி நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டு மேலாக எடுங்கள். பால் பண்டம் என்றால் அடுப்பை அணைத்துச் சூடு தணிந்த பிறகுதான் பாகைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் விட்டால் திரிந்துபோகும்.

இதன் பெரிய குறை கடலை மிட்டாயில் தெரியும். முழுக்கக் கருப்பட்டியில் பிடித்த மிட்டாய் காற்று ஈரத்தை இழுத்து நமுத்துப் பல்லில் ஒட்டும். மொறுமொறுப்புக்காக வெல்லமோ சீனியோ சேர்ப்பதில் தப்பில்லை; சேர்த்ததை மறைப்பதுதான் தப்பு. லேபிளில் ஒரு பொருளைப் பெயராலோ படத்தாலோ தூக்கிக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று போட வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. பொருள் பட்டியலும் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் இருக்க வேண்டும். முகப்பில் பனைமரப் படம், பின்னால் பட்டியலில் சீனி முதலிடத்தில் என்றால் அது சீனி மிட்டாய்.

தொழிலுக்கு எடுப்பவர்கள் வைகாசி, ஆனியில் விடிலிக்கே போய், காய்ச்சும்போது கூடவே நின்று பார்த்து, ஒரு வருடத் தேவையைப் பேசிக் கையில் காசு கொடுத்து எடுப்பதுதான் சரி. விலை கூடத்தான் இருக்கும். வருடம் முழுக்க வைத்துக்கொள்ள ஓலைக் கொட்டானும் அடுப்புக்கு மேலே பரணும் போதும், புகை பட்டால் கசிவு குறையும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வந்த சரக்கை மட்டும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். உள்ளே வேர்த்து, அடியில் இருக்கும் கருப்பட்டிகள் கூழாகிவிடும்.