650 ட்வினுக்குப் பெரிய த்ராட்டில் பாடி: ரீமேப்பா, போரிங்கா, புது 38-ஆ?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ராயல் என்ஃபீல்டு 650 ட்வின் (இரட்டை சிலிண்டர் வண்டி) வைத்திருப்பவர்கள் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி முடித்த கையோடு கை வைக்க நினைப்பது த்ராட்டில் பாடியில்தான், அதாவது ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது திறந்து இன்ஜினுக்குக் காற்று விடும் குழாயில். ட்யூனிங்குக்குப் பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது, ஓசூரில் லேத் பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. ஆசை வந்துவிட்டால் தடுக்க ஆள் கிடையாது.

வழிகள் மூன்று. கம்பெனி பாடியை அப்படியே விட்டு ரீமேப் மட்டும் செய்வது, அதாவது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஈசியு கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்துவது. அதே பாடியை லேத்தில் கொடுத்துப் போர் செய்வது, அதாவது உள்துளையைக் கடைந்து பெரிதாக்குவது. 38 மி.மீ. அளவுள்ள பெரிய பாடியைப் புதிதாக வாங்கிப் போடுவது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிசி மாறாத இன்ஜினுக்கு முதல் வழி, சிசி கூட்டிய இன்ஜினுக்கு மூன்றாவது. போரிங் பக்கம் நான் போகமாட்டேன்.

முதலில் கணக்கு. இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு ஒன்றாக 34 மி.மீ. பாடி இரண்டு இருக்கின்றன. சிலிண்டரின் போர் (உள் விட்டம்) 78, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 67.8 மி.மீ. முழு பவர் வரும் 7250 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 16.4 மீட்டர். சிலிண்டருக்கும் பாடிக்கும் உள்ள குறுக்குவெட்டுப் பரப்பு விகிதத்தை வைத்துப் பெருக்கினால் பாடிக்குள் காற்று விநாடிக்குச் சுமார் 86 மீட்டர் வேகத்தில் போகிறது. அதே இன்ஜினில் 38 மி.மீ. பாடியைப் போட்டால் இது 69-க்கு இறங்கிவிடும். வாய் 25 சதவீதம் பெரிதாகிறது, ஆனால் உறிஞ்சுகிற சிலிண்டர் பழைய அளவுதான். 3000 ஆர்பிஎம்மில் 36 மீட்டரில் வந்த காற்று 29-க்கு வந்துவிடும். காற்றின் வேகம் குறைந்தால் பெட்ரோல் அதனுடன் கலப்பதும் மந்தமாகும், சிலிண்டர் நிரம்புவதும் குறையும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து, இடைவெளி கிடைத்ததும் முறுக்குவீர்களே, அந்த இடத்தில்தான் இது தெரியும்.

இப்போது சிலிண்டர் போரை 90 ஆக்கிப் பாருங்கள். 648 சிசி சுமார் 863 ஆகிறது. 34 மி.மீ. பாடியோடு ஓட்டினால் மேல் ஆர்பிஎம்மில் காற்று 115 மீட்டர் வேகத்தில் திணறிக்கொண்டு போகும். 38 போட்டால் 92. கம்பெனி வைத்த 86-க்கு வெகு அருகில். பாடியின் அளவை முடிவு செய்வது சிலிண்டர்தான், நம் ஆசை அல்ல.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. முழு த்ராட்டிலில், மேல் ஆர்பிஎம்மில், பட்டர்ஃப்ளைக்கு (பாடிக்குள் திறந்து மூடும் தட்டு) பின்னால் இருக்கும் காற்றழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அது வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருந்தால் பாடி எதையும் தடுக்கவில்லை, செலவு வேண்டாம். நன்றாக இறங்கியிருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், கிரானைட் லாரி ஓடுகிற ரோட்டில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஃபில்டரும் சுத்தமாக இருந்தால்தான் பாடி மேல் சந்தேகப்படலாம்.

ரீமேப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பவர்ட்ரானிக் மாதிரி, ஈசியுவோடு கூடுதலாக மாட்டும் பிக்கிபேக் பெட்டி போடலாம், அல்லது ஈசியுவையே எழுதலாம். நல்ல டைனோவும் (பவரை அளக்கும் மேடை) பொறுமையான ட்யூனரும் கிடைத்தால், சைலன்சர் மாற்றியதால் வந்த லீன் பிரச்சினை (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமை) தீர்ந்து வண்டி பட்டுப்போல ஓடும். வேண்டாம் என்று தோன்றினால் கழற்றிவிடலாம் என்பது பிக்கிபேக்கின் பெரிய வசதி.

போரிங்தான் எல்லோரையும் இழுக்கிறது, செலவு குறைவு என்பதால். "அண்ணே, ரெண்டு எம்எம் தானே, அரை மணி நேர வேலை" என்பார் லேத்காரர். 34-ஐ 36 ஆக்குவதற்கு அரை மணி நேரம் போதும், உண்மைதான். சிக்கல் பட்டர்ஃப்ளையில் இருக்கிறது. அந்தத் தட்டு பார்க்க வட்டம், உண்மையில் லேசான நீள்வட்டம். மூடும்போது சில டிகிரி சாய்ந்து உட்காருகிறது, அதனால் விளிம்பும் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டிப் போட்டால் ஒரு பக்கம் உரசும், இன்னொரு பக்கம் முடியளவு இடுக்கு விழும். அந்த இடுக்கு போதும், ஐடிலிங் இறங்கவே இறங்காது. ஒரு சிலிண்டர் வண்டியில் இதைத் திருகித் திருகிச் சமாளிக்கலாம். ட்வினில் இரண்டு இடுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வேக்குவம் கேஜ் வைத்து இரண்டு பாடியையும் எத்தனை முறை சிங்க் செய்தாலும் (ஒத்துப்போக வைத்தாலும்) ஐடிலிங்கில் சரியாகும், கொஞ்சம் திறந்ததும் மறுபடி பிசகும்.

அப்புறம் அந்தக் குட்டி ஸ்க்ரூ. தட்டைத் தண்டோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் நுனியைக் கம்பெனியில் தட்டி மலர்த்தி விட்டிருப்பார்கள், தானாகக் கழலாமல் இருக்க. போரிங்குக்காக அதைக் கழற்றினால் பழையபடி மலர்த்த வேண்டும், லாக்கிங் பசையும் போட வேண்டும். ஒன்று கழன்று விழுந்தால் நேராக வால்வுக்குத்தான் போகும். இத்தனை சாகசத்துக்கும் கூடுதலாகக் கிடைப்பது 12 சதவீதப் பரப்பு.

புது 38-ல் தட்டு, தண்டு, ஸ்பிரிங் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே வரும், அதற்குத்தான் அந்த விலை. ஆனால் பாடியை மட்டும் வாங்கி மாட்டினால் வேலை முடியாது. பாடிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பூட் (இணைப்புக் குழாய்) 38-லிருந்து ஹெட்டில் காற்று நுழையும் போர்ட்டின் அளவுக்குச் சீராகக் குறுகி வர வேண்டும். உள்ளே விரல் விட்டுத் தடவினால் படி தட்டக் கூடாது. சிசி 33 சதவீதம் கூடியிருப்பதால் இன்ஜெக்டர் அந்த அளவுக்கு பெட்ரோல் ஊற்றுமா என்று பார்க்க வேண்டும். ரீமேப் இல்லாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது: ஈசியு த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை முக்கியமாக வைத்துக் கணக்குப் போடுகிறது, அதே திறப்பில் இப்போது காற்று கூடுதலாகப் போகும், பெட்ரோல் பழைய அளவிலேயே வரும். லீன், சூடு, கடைசியில் பிஸ்டன்.

சிசி கூட்டாத வண்டியில் 38 போட்டவர்கள் "பிக்கப் பறக்குது" என்று சொல்வதைக் கேட்கலாம். பொய் சொல்லவில்லை. கால்வாசி முறுக்கிலேயே முன்னைவிட அதிகக் காற்று போவதால் வண்டி துள்ளும். முழுதாக முறுக்கினால் பவர் அதேதான். அந்தத் துள்ளல்தான் வேண்டுமென்றால் சீக்கிரம் திறக்கிற த்ராட்டில் கிரிப் ஒன்று போதும், விலையும் கொஞ்சம்தான். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் அந்தத் துள்ளல் யாருக்கும் வேண்டாம் என்பது வேறு விஷயம்.

வண்டியை மாற்றி அமைப்பதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிசி கூட்டிய இன்ஜின் ஆர்சியில் உள்ள விவரத்தோடு ஒத்துப்போகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி உண்டு. வாரண்டியையும் மறந்துவிட வேண்டியதுதான். ட்ராக்குக்கு என்று தனி வண்டி வைத்திருப்பவர்களுக்கே 863-உம் 38-உம் பொருந்தும்.

யாராவது போர் செய்த பாடியைப் பழைய சாமான் விலைக்குக் கொடுக்கிறேன் என்றால், தட்டை முழுதாக மூடி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய கீற்றுத் தெரிந்தால் மேற்கொண்டு பேசலாம். ஒரு பக்கம் பிறை போல வெளிச்சம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.